ரிசப்ஷனுக்கு எதுக்கு 34 காலம் (நெடுவரிசை)? டேபிள்ல யாருக்கு எது வேணுமோ அதை மட்டும் காட்றது எப்படி

சின்ன ஊர்ல ஒரு கிளினிக்குக்கு நான் சாஃப்ட்வேர் பண்ணிக் குடுத்திருந்தேன். ரெண்டு டாக்டர், ஒரு லேப், ரிசப்ஷன்ல ஒரு அக்கா, கணக்கு பாக்க ஒருத்தர், அவ்ளோதான் ஆளுங்க. போஸ்ட்கிரஸ்ங்கற டேட்டாபேஸ்ல பேஷன்ட்ஸ்னு ஒரே டேபிள், அதுல பேரு போன்ல ஆரம்பிச்சு ஆதார், நோய் விவரம், லேப் ரிசல்ட், பில்லு வரைக்கும் மொத்தம் 34 காலம். ரிசப்ஷன் ஸ்க்ரீன்ல தேவையில்லாதத எல்லாம் நான் மறைச்சுதான் வெச்சிருந்தேன், அதனால வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டேன். ஒரு நாள் சாயங்காலம் அந்த அக்கா போன் பண்ணி, "தம்பி, நாளைக்கு வர்றவங்க லிஸ்ட்ட எக்ஸெல்ல எடுத்தேன், அதுல என்னென்னமோ வருது, எங்க தெருக்காரங்க ஒருத்தரோட எச்ஐவி டெஸ்ட் ரிசல்ட் இருக்கு, இது எனக்குத் தெரிஞ்சிருக்கவே கூடாதே தம்பி"ன்னு சொன்னாங்க. குரல் நடுங்குச்சு. ஸ்க்ரீன்ல மறைச்ச நான் எக்ஸ்போர்ட் பட்டனுக்குப் பின்னாடி செலக்ட் ஸ்டார்னு, அதாவது எல்லா காலத்தையும் எடுன்னு, எழுதி வெச்சிருந்தேன்.

அந்த அக்கா நல்லவங்க, ஃபைல உடனே அழிச்சுட்டு எனக்கு சொன்னாங்க. ஆனா அவங்க நல்லவங்களா இருந்ததால ஒருத்தரோட மானம் தப்பிச்சுதுன்னா அது என் சாஃப்ட்வேரோட பாதுகாப்பு கிடையாது. அன்னிக்கு ராத்திரியே எல்லாத்தையும் திருப்பி எழுத ஆரம்பிச்சேன், அதுல கத்துக்கிட்டதத்தான் இங்க வரிசையா சொல்றேன். ஸ்க்ரீன்ல மறைக்கிறத நம்பாதீங்க, டேட்டாபேஸ்லயே குடுக்காம விடுங்க, எல்லாமே இதுலருந்துதான் வருது.

சட்டமும் இதத்தான் கேக்குது. எச்ஐவி எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017ல வந்து 2018 செப்டம்பர் 10லருந்து அமல்ல இருக்கு, ஒருத்தருக்கு எச்ஐவி இருக்கா இல்லையாங்கிறத அவங்க சம்மதம் இல்லாம வெளிய சொல்லக் கூடாது, அந்தத் தகவல வெச்சிருக்கற இடம் அதைப் பாதுகாக்கணும்னு அதுல இருக்கு. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எந்த வேலைக்கு சம்மதம் வாங்குறோமோ அதுக்குத் தேவையான தகவல் மட்டும்தான்னு பேசுது.

சரி, வேலைக்கு வருவோம். மொதல்ல கம்ப்யூட்டர்ல கை வெக்காதீங்க. யாரு அந்த டேபிள பாக்கறாங்களோ அவங்க பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு ஒரு காலைப் பொழுது முழுக்க உக்காருங்க. "உங்களுக்கு எந்த காலம்லாம் வேணும்"னு கேட்டா எல்லாருமே "எல்லாம் இருக்கட்டும் சார்"னுதான் சொல்வாங்க, அது பயத்துல வர்ற பதில், நாளைக்கு ஒண்ணு இல்லாமப் போயிட்டா என்ன பண்றதுங்கிற பயம். கண்ணு எங்க போகுது, வாய் என்ன கேக்குதுன்னு பாருங்க. அந்த அக்கா பாத்தது டோக்கன் நம்பர், பேரு, வயசு, போன், எந்த டாக்டர், எத்தன மணி, பில் கட்டியாச்சா, ரிப்போர்ட் வந்துச்சா, இந்த எட்டுதான். நடுவுல ஒரு தடவ பிறந்த தேதியத் தேடினாங்க. எதுக்குக்கான்னு கேட்டேன், "எஸ். லட்சுமின்னு நாலு பேரு இருக்காங்க தம்பி, இனிஷியலும் ஒண்ணு, அதான் பிறந்த தேதி வெச்சு பிரிச்சுக்குவேன்"னாங்க. அப்ப அவங்களுக்கு வேண்டியது பிறந்த தேதி இல்ல, ஒரு ஆள இன்னொரு ஆள்கிட்டருந்து பிரிச்சுக் காட்ற ஏதாவது ஒண்ணு. ஊர் பேரப் போட்டோம், வயசும் ஊரும் இருந்தா போதும்னு அவங்களே சொல்லிட்டாங்க. ஆக ஒன்பது காலம். இந்த "எதுக்கு"ங்கிற ஒரு கேள்விய மட்டும் விட்டுடாதீங்க, பாதி காலம் இதுலயே கழண்டு விழுந்துடும்.

அப்பறம் ஒரு பேப்பர் எடுத்து இடது பக்கம் 34 காலத்தையும் வரிசையா எழுதி, மேல ரிசப்ஷன், லேப், டாக்டர், கணக்குன்னு போட்டு ஒவ்வொரு கட்டத்துலயும் டிக் போட்டுக்கிட்டே வாங்க. டிக், இல்ல காலி, இந்த ரெண்டோட நிறுத்தாதீங்க, "பாதி"ன்னு மூணாவது குறி ஒண்ணு வெச்சுக்கங்க, விஷயமே அதுலதான் இருக்கு. கணக்கு பாக்கறவருக்கு ஆதார் நம்பர் முழுசா தேவையில்ல, ஆள சரிபாக்க கடைசி நாலு இலக்கம் போதும், மாஸ்க்ட் ஆதார்லயும் 12 இலக்கத்துல அந்த நாலு மட்டும்தான தெரியுது. ரிசப்ஷனுக்குப் பிறந்த தேதி வேண்டாம், வயசு போதும். இன்னும் முக்கியமா, ரிப்போர்ட்ல என்ன இருக்குன்னு அக்காவுக்குத் தெரிய வேண்டியதே இல்ல, ரிப்போர்ட் வந்துச்சா வரலையா, அது மட்டும்தான் கவுன்ட்டர்ல நிக்கறவங்க கேக்கறது. காலத்தக் குடுக்காம காலத்துலருந்து வர்ற பதில மட்டும் குடுக்கறது இது. இந்த வழி தெரிஞ்சதுக்கு அப்பறம் என் வேலை பாதி சுலபமாயிடுச்சு.

இப்ப டேட்டாபேஸ். படிக்க வசதியா கட்டளைய தமிழ் எழுத்துலயே எழுதுறேன், நீங்க அடிக்கும்போது இங்கிலீஷ்ல அடிச்சுக்கங்க. ரிசப்ஷனுக்குன்னு ஒரு வியூ பண்றோம், வியூன்னா டேபிள்ல வேணுங்கறத மட்டும் காட்ற ஜன்னல் மாதிரி:

கிரியேட் வியூ ரிசப்ஷன்_வியூ ஆஸ்
செலக்ட் ஐடி, டோக்கன், நேம், டேட்_பார்ட்('இயர்', ஏஜ்(டிஓபி)) ஆஸ் வயசு, ஊர், போன், டாக்டர், நேரம், பில்_கட்டியாச்சு, (லேப்_ரிப்போர்ட் இஸ் நாட் நல்) ஆஸ் ரிப்போர்ட்_வந்தாச்சு
ஃப்ரம் பேஷன்ட்ஸ்;

பேப்பர்ல ஒன்பதுதான், முன்னாடி நிக்கற ஐடி சாஃப்ட்வேருக்காக, எந்த ரெக்கார்டுன்னு அதுக்குத் தெரியணுமே. கடைசில இருக்கறதப் பாருங்க, லேப்_ரிப்போர்ட் காலத்துல ஏதாவது இருந்தா ஆமா, காலியா இருந்தா இல்ல, அவ்ளோதான் வெளிய வருது. கணக்குக்காரரோட வியூல ஆதாருக்கு ரைட்(ஆதார், 4) போட்டா கடைசி நாலு மட்டும் வரும், ஆனா ஆதார டெக்ஸ்ட்டா சேத்து வெச்சிருந்தாதான் ரைட் வேலை செய்யும், நம்பரா வெச்சிருந்தா மொதல்ல டெக்ஸ்ட்டா மாத்திக்கங்க.

வியூ எழுதும்போது சோம்பேறித்தனமா செலக்ட் ஸ்டார் போடாதீங்க. போஸ்ட்கிரஸ் அந்த ஸ்டார வியூ பண்ற நிமிஷத்துலயே காலம் பேரா விரிச்சு எழுதி வெச்சுக்கும், அதுக்கப்பறம் டேபிள்ல புதுசா காலம் சேத்தாலும் வியூல வராது, ஆனா என்னிக்காவது வியூவ அழிச்சுட்டு அதே வரிய திரும்ப ஓட்டுனா அந்தப் புது காலமும் சத்தமில்லாம உள்ள வந்துடும். பேரு பேரா எழுதிட்டா நாளைக்கு எவ்வளவு காலம் சேந்தாலும் நீங்களா சேக்கற வரைக்கும் எதுவும் வெளிய போகாது.

அடுத்து உரிமை. வியூ பண்ணிட்டு டேபிள தொறந்து விட்டா வியூவுக்கு அர்த்தமே இல்ல. ரோல்னா டேட்டாபேஸ்ல ஒரு வேலைக்கான அடையாளம், ரிவோக்னா உரிமையப் புடுங்கறது, கிரான்ட்னா குடுக்கறது, ஸ்கீமான்னா டேபிள்கள வெக்கற அறை மாதிரி:

கிரியேட் ரோல் ரிசப்ஷன்;
ரிவோக் ஆல் ஆன் பேஷன்ட்ஸ் ஃப்ரம் பப்ளிக், ரிசப்ஷன்;
கிரான்ட் யூசேஜ் ஆன் ஸ்கீமா கிளினிக் டு ரிசப்ஷன்;
கிரான்ட் செலக்ட் ஆன் ரிசப்ஷன்_வியூ டு ரிசப்ஷன்;

ரிசப்ஷன் ரோலுக்கு டேபிள் மேல உரிமையே இல்லாதப்ப வியூ மட்டும் எப்படி ஓடுதுன்னு கேப்பீங்க. வியூ, அதோட ஓனரோட உரிமைலதான் அடியில இருக்கற டேபிள படிக்குது, நாம நம்புறதும் அதைத்தான். 2022ல வந்த போஸ்ட்கிரஸ் 15ல செக்யூரிட்டி_இன்வோக்கர்னு ஒரு ஆப்ஷன் சேத்தாங்க, அத ஆன் பண்ணா கூப்பிடற ஆளோட உரிமைலதான் வியூ ஓடும், அப்ப ரிசப்ஷனுக்கு டேபிள் மேலயும் உரிமை குடுத்தாகணும், நாம பண்ண நெனச்சதே தலைகீழாயிடும். பாதுகாப்புன்னு பேர்ல இருக்கேன்னு யோசிக்காம ஆன் பண்ணிடாதீங்க. இன்னொண்ணு, வியூல சில வரிகளையும் சேத்து மறைக்கறீங்கன்னா, அதாவது இந்த டாக்டரோட பேஷன்ட் மட்டும்னு வேர் கண்டிஷன் போடறீங்கன்னா, மறைச்ச வரி கசியாம தடுக்கற செக்யூரிட்டி_பேரியர் போட்டுக்கங்க, அது 9.2லருந்தே இருக்கு. காலம் மட்டும் மறைக்கறதுக்கு அது அவசியம் இல்ல.

வியூ இல்லாமலே காலம் அளவுல உரிமை குடுக்கவும் வழி இருக்கு. கிரான்ட் செலக்ட் (ஐடி, நேம், போன்) ஆன் பேஷன்ட்ஸ் டு ரிசப்ஷன், அப்படின்னு அடைப்புக்குறிக்குள்ள காலம் பேர எழுதுனா அந்த மூணு மட்டும்தான் படிக்க முடியும், போஸ்ட்கிரஸ்ல 2009ல வந்த 8.4லருந்து இது இருக்கு. நல்ல வசதிதான், மறைச்ச காலத்த வேர் கண்டிஷன்ல வெச்சு சுத்தி வளைச்சுக் கண்டுபுடிக்கவும் விடாது, வேர்ல பயன்படுத்தவும் படிக்கிற உரிமை வேணும். ஆனா "பாதி" காட்டறது இதுல நடக்காது, காலம் ஒண்ணு முழுசா தெரியும் இல்லன்னா தெரியவே தெரியாது. அதனால நான் வியூ பக்கம்தான், காலம் கிரான்ட்ட எழுதற உரிமைக்கு மட்டும் வெச்சுக்கறேன், அக்கா போன் நம்பர திருத்தலாம், நோய் விவரத்தத் தொட முடியாது, அந்த மாதிரி.

இதுல நெறய பேர் விழற குழி ஒண்ணு இருக்கு, நானும் விழுந்தேன். டேபிள் முழுசுக்கும் செலக்ட் குடுத்துட்டு, அப்பறம் ரிவோக் செலக்ட் (எச்ஐவி_ரிசல்ட்) ஆன் பேஷன்ட்ஸ் ஃப்ரம் ரிசப்ஷன்னு அடிச்சேன். போஸ்ட்கிரஸ் எந்தத் தப்பும் சொல்லல, ரிவோக்னு பதில் வந்துச்சு, முடிஞ்சுதுன்னு எந்திரிச்சுப் போயிட்டேன். ஒண்ணுமே மாறல. டேபிள் அளவுல குடுத்த உரிமைய காலம் அளவு ரிவோக் தொடவே தொடாது. மொதல்ல டேபிள் அளவு உரிமையப் புடுங்கணும், அப்பறம் வேணுங்கிற காலத்த ஒவ்வொண்ணா குடுக்கணும், இதுக்குக் குறுக்கு வழியே கிடையாது. டேபிளோட ஓனருக்கும், எல்லா உரிமையும் இருக்கற சூப்பர்யூசருக்கும் இந்தத் தடையெல்லாம் செல்லாதுங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கங்க.

மத்த டேட்டாபேஸ்ல இருக்கறவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். மைஎஸ்கியூஎல்ல வியூவும் உண்டு, அடைப்புக்குறிக்குள்ள காலம் எழுதற கிரான்ட்டும் உண்டு. அதுல 8.0.23லருந்து இன்விசிபிள் காலம்னு ஒண்ணு வந்திருக்கு, பேரப் பாத்து ஏமாறாதீங்க, செலக்ட் ஸ்டார்ல வராது அவ்ளோதான், பேரச் சொல்லிக் கேட்டா அப்படியே எடுத்துக் குடுத்துடும். ஆரக்கிள்ல படிக்கிற உரிமைய காலம் அளவுல கிரான்ட் பண்ணவே முடியாதுன்னுதான் வழக்கமா எல்லாரும் வியூவுக்குப் போறது. எஸ்கியூஎல் சர்வர்ல ரெண்டும் இருக்கு, ஆனா டேபிள் மேல டினை, அதாவது தடை, போட்டிருந்தாலும் காலம் மேல ஒரு கிரான்ட் இருந்தா கிரான்ட்தான் ஜெயிக்கும், பழைய சாஃப்ட்வேர் உடையக் கூடாதுன்னு அப்படியே விட்டு வெச்சிருக்காங்க. 2016 வெர்ஷன்ல வந்த டைனமிக் மாஸ்கிங்கும் அப்படித்தான், சம்பளத்த மறைச்சுக் காட்டும், ஆனா சம்பளம் ஒரு லட்சத்துக்கு மேல இருக்கறவங்க யாருன்னு வேர்ல கேட்டா பேரு வந்துடும், நாலு தடவ மாத்தி மாத்தி கேட்டா தொகையவே புடிச்சுடலாம். நேரா டேட்டாபேஸ்ல கேள்வி கேக்கற ஆளுக்கு அந்த மாஸ்க் போதவே போதாது.

இவ்வளவும் பண்ணிட்டு பலர் கோட்டை விடற இடம் எதுன்னா, சாஃப்ட்வேர் எந்த யூசர்ல டேட்டாபேஸ்க்குள்ள போகுதுங்கறது. நம்ம ஊர்ல நான் பாத்த பெரும்பாலான சின்ன சாஃப்ட்வேர் போஸ்ட்கிரஸ்ங்கிற சூப்பர்யூசர்லயே கனெக்ட் ஆகுது, டாக்டர் லாகின் பண்ணாலும் ரிசப்ஷன் லாகின் பண்ணாலும் டேட்டாபேஸ் கண்ணுக்கு ரெண்டு பேரும் ஒரே ஆளு. அப்ப நீங்க பண்ண ரோலெல்லாம் சும்மா பேப்பர்ல இருக்கும். ரோலுக்கு ஒரு டேட்டாபேஸ் லாகின் வெச்சு, சாஃப்ட்வேர்ல ரோலுக்கு ஒரு கனெக்ஷன் பூல் (தொறந்தே வெச்சு மாத்தி மாத்திப் பயன்படுத்தற கனெக்ஷன் தொகுப்பு) தனியா வெச்சுட்டேன் நான், நாலு ரோலுக்கு நாலு பூல், சின்ன இடத்துக்கு இது பாரமே இல்ல. செட் ரோல் போட்டு ஒரே கனெக்ஷன்ல மாத்தி மாத்தி ஓட்டலாம்னு சொல்வாங்க, பண்ணலாம், ஆனா ட்ரான்சாக்ஷனுக்குள்ள (ஒண்ணா சேந்து முடியற கட்டளைத் தொகுப்பு) செட் லோக்கல் ரோல்னு போடுங்க, இல்லன்னா பூல்ல அந்தக் கனெக்ஷன் அடுத்த ஆள்கிட்டப் போகும்போது டாக்டரோட ரோலும் கூடவே போயிடும்.

இப்ப சாஃப்ட்வேர் பக்கம். ஏபிஐ, அதாவது ஸ்க்ரீனுக்குத் தகவல் அனுப்பற பகுதி, முழு ரெக்கார்டையும் ஜேசான்ங்கற டெக்ஸ்ட் வடிவத்துல அனுப்பிட்டு ஸ்க்ரீன்ல மட்டும் அஞ்சு காலம் காட்டுனா, ப்ரவுசர்ல எஃப்12 அமுக்கி நெட்வொர்க் டேப்பத் தொறந்தா 34ம் அங்க உக்காந்திருக்கும். சாஃப்ட்வேர் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் 2019ல போட்ட ஏபிஐ பாதுகாப்புப் பட்டியல்ல மூணாவது இடமே இந்தத் தப்புக்குத்தான். ஜாங்கோ ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க்ல சீரியலைசர்ல ஃபீல்ட்ஸுக்கு ஆல்னு எழுதறது, லாராவெல்ல மாடல அப்படியே ரிட்டர்ன் பண்றது, இந்த ரெண்டும் கண்ணுல பட்டா உடனே மாத்தி பேரு பேரா எழுதுங்க. லாராவெல்ல ஹிட்டன் பட்டியலும் இருக்கு விசிபிள் பட்டியலும் இருக்கு, நான் எப்பவும் விசிபிள்தான், மறைக்க வேண்டியதப் பட்டியல் போட்டா ஒண்ணு மறந்தாலும் வெளிய போயிடும், காட்ட வேண்டியதப் பட்டியல் போட்டு ஒண்ணு மறந்தா யாராவது போன் பண்ணி "அது காணோமே"ன்னு கேப்பாங்க, அவ்ளோதான். வரிசப்படுத்தறது, ஃபில்டர் பண்றது, இதுக்கும் அதே பட்டியல் வேணும். காலம் தெரியாட்டியும் அந்த காலத்த வெச்சு வரிசப்படுத்த முடிஞ்சா யாரு மேல வர்றாங்க யாரு கீழ போறாங்கன்னு பாத்தே விஷயத்தப் புடிச்சுடலாம்.

டேபிளுக்கு வெளியவும் அதே தகவல் ஒளிஞ்சிருக்கும், அதத் தேடுங்க. யாரு எப்ப மாத்துனாங்கன்னு பாக்க நான் ஒரு ஹிஸ்டரி டேபிள் வெச்சிருந்தேன், மாத்தும்போது தானா ஓடற ட்ரிக்கர் ஒவ்வொரு தடவையும் முழு வரியையும் ஜேசானா அதுல போட்டுடும், அந்த டேபிளுக்கு யார் வேணா படிக்கலாம்னு உரிமை இருந்துச்சு. முன்வாசலப் பூட்டிட்டு கொல்லைப்புறத்தத் தொறந்து போட்ட கதைதான். மெட்டீரியலைஸ்ட் வியூ இருந்தா அது தனி நகல், அதுக்கு உரிமையும் தனி. யாரோ எப்பவோ "பேஷன்ட்ஸ்_பழசு"ன்னு பண்ணி வெச்ச காப்பி டேபிளயும் விட்டுடாதீங்க, எனக்கு அப்படி ரெண்டு கெடச்சுது.

எச்ஐவி ரிசல்ட் மாதிரி ரொம்ப அந்தரங்கமான காலத்துக்கு நான் கடைசில வியூவ மட்டும் நம்பல, அதத் தனி டேபிளுக்கே எடுத்துட்டுப் போயிட்டேன். பேஷன்ட் ஐடி, ரிசல்ட், தேதி, யார் எழுதுனது, அவ்ளோதான் அதுல, டாக்டர் ரோலும் லேப் ரோலும் தவிர யாருக்கும் அது இருக்கற தனி ஸ்கீமாவுக்குள்ளயே நுழைய முடியாது. வியூ எழுதறதுல கை தவறலாம், தனி டேபிள்ல தவறணும்னா வேணும்னே ஜாயின் போட்டு ரெண்டு டேபிளையும் சேத்தாத்தான் உண்டு. எல்லா காலத்துக்கும் இப்படிப் பிரிக்காதீங்க, ஜாயின் போட்டே அலுத்துடுவீங்க, வெளிய தெரிஞ்சா ஒருத்தர் ஊர்ல தலை நிமிந்து நடக்க முடியாதுங்கற மாதிரி விஷயத்துக்கு மட்டும் பண்ணுங்க.

வேகமும் கூடுச்சு. டிஸ்சார்ஜ் குறிப்பு மாதிரி பெரிய டெக்ஸ்ட் காலம் இருக்கற வரி சுமார் 2 கேபியத் தாண்டுனா போஸ்ட்கிரஸ் அந்தப் பெரிய மதிப்ப சுருக்கிப் பாக்கும், அப்பவும் பெருசா இருந்தா டோஸ்ட்டுன்னு தனி இடத்துல கொண்டு போய் வெச்சுடும், நீங்க அந்த காலத்தக் கேக்கலன்னா அத எடுக்கவும் போகாது. செலக்ட் ஸ்டார எடுத்ததும் காலைல கூட்ட நேரத்துல லிஸ்ட் தொறக்கக் காத்துக்கிட்டிருந்த அந்த அக்கா "இன்னிக்கு நெட்டு நல்லா இருக்கு தம்பி"ன்னாங்க, நெட்டு அதேதான், மாறுனது வியூதான்.

எல்லாம் முடிஞ்சதும் சோதிச்சுப் பாக்காம விடாதீங்க. செட் ரோல் ரிசப்ஷன் போட்டுட்டு செலக்ட் ஸ்டார் ஃப்ரம் பேஷன்ட்ஸ் அடிங்க, பெர்மிஷன் டினைட் ஃபார் டேபிள் பேஷன்ட்ஸ்னு வந்தா நல்லது. காலம் கிரான்ட் வெச்சிருக்கறவங்களுக்கும் இதே வரிதான் வரும், எந்த காலத்துக்கு உரிமை இல்லங்கறத போஸ்ட்கிரஸ் சொல்லாது, அதனால டேபிளே போச்சுன்னு பதறாதீங்க, நீங்க கேட்ட பட்டியல்ல ஒரு காலம் கூடுதலா இருக்குன்னு அர்த்தம். ஒவ்வொண்ணா பாக்க ஹேஸ்_காலம்_ப்ரிவிலேஜ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, ரோல், டேபிள், காலம், செலக்ட்னு குடுத்தா ஆமா இல்லன்னு சொல்லும்.

பின்னாடி வியூவ மாத்தணும்னா கிரியேட் ஆர் ரிப்ளேஸ்ல காலம் பட்டியலோட கடைசில சேக்கத்தான் முடியும், இருக்கற காலத்த எடுக்க முடியாது. நடுவுல ஒண்ண எடுக்கணும்னா ட்ராப் பண்ணித் திரும்பப் பண்ணணும், பண்ணா கிரான்ட்டும் சேந்து போயிடும், காலைல ரிசப்ஷன் ஸ்க்ரீன் வெறிச்சோடிக் கிடக்கும். அதனால வியூவையும் கிரான்ட்டையும் ஒரே ஃபைல்ல, ஒரே ட்ரான்சாக்ஷன்ல வெச்சுக்கங்க. அந்த ஃபைலோட கடைசில நான் ரோலுக்கு நாலு வரி சோதனை போட்டு வெச்சிருக்கேன், ரிசப்ஷனால ரிசல்ட் டேபிளப் படிக்க முடியக் கூடாது, எக்ஸ்போர்ட்ல பத்து காலத்துக்கு மேல வரக் கூடாது, இந்த மாதிரி. போன மாசம் டாக்டர் கேட்டார்னு புதுசா காலம் ஒண்ணு சேத்தேன், ஃபைல ஓட்டுனேன், எக்ஸெல்ல எடுத்துப் பாத்தேன், அக்காவோட லிஸ்ட்ல அதே பத்து காலம்தான் வந்துச்சு.